இன்வெர்ட்டர் வாங்குவதற்கு முன் பிளக்குகளை எண்ணுங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

மோட்டார்ஹோமில், அதாவது படுக்கை, சமையல் வசதியோடு வரும் வண்டியில், ஊர் சுற்றுவது பற்றி உங்கள் நாளிதழில் வந்த கட்டுரையை நானும் என் கணவரும் சேர்ந்து படித்தோம். கரண்ட் இணைப்பே இல்லாத இடத்தில் நாள் கணக்கில் தங்கலாம், 2000 வாட் இன்வெர்ட்டர் ஒன்று இருந்தால் போதும் என்று அதில் ஒரு வரி வருகிறது. அந்த வரிக்காகத்தான் இந்தக் கடிதம். நாங்களும் இதே பேச்சை நம்பித்தான் முதலில் கிளம்பினோம்.

என் கணவருக்குத் தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வரும் கோளாறு இருக்கிறது. இரவு முழுக்க முகமூடி மாட்டிக்கொண்டு, சிபேப் கருவி தள்ளும் காற்றில்தான் அவர் தூங்க வேண்டும். வண்டிக்கு மின் வேலை செய்தவரிடம் இதைச் சொன்னபோது அவர் யோசிக்கவே இல்லை. "2000 வாட் போட்டுடலாம், வீட்ல இருக்கிற மாதிரியே இருக்கும்" என்றார். எங்களுக்கும் அது நிம்மதியாக இருந்தது.

வெளியே தங்கிய இரண்டாம் இரவு. மணி மூன்று இருக்கும். கட்டிலுக்கு அடியில் வைத்திருந்த இன்வெர்ட்டரிலிருந்து கீ கீ என்று சத்தம். நான் எழுந்து உட்காருவதற்குள் அது நின்றுவிட்டது. கூடவே கருவியின் 'உஸ்' என்ற ஓசையும் நின்றுபோனது. இருட்டில் அவர் முகமூடியைப் பிடுங்கி எறிந்துவிட்டு மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார். "என்னங்க, என்னங்க" என்று தோளைப் பிடித்து உலுக்கினேன். "ஒண்ணுமில்ல, மெஷின் நின்னுடுச்சு" என்றார். அதற்கப்புறம் விடியும் வரை இரண்டு பேரும் படுக்கவில்லை.

வீடு திரும்பியதும் கணக்குப் போட்டேன். எங்களிடம் இருந்தது 100 ஏஎச் ஈய அமில பேட்டரி ஒன்று. ஒரு ஆம்ப் வீதம் எடுத்தால் 100 மணி நேரம் வரும் என்பது பெயருக்குத்தான். அதில் பாதிக்கு மேல் காலி செய்துகொண்டே போனால் பேட்டரியின் ஆயுள் சீக்கிரம் முடிந்துவிடும். ஆகவே தைரியமாகச் செலவழிக்கக்கூடியது 50 ஏஎச். அந்த இன்வெர்ட்டரோ, எதையும் மாட்டாமல் ஆன் செய்து வைத்தாலே ஒன்றரை ஆம்ப் தின்றது. ஒரு நாள் முழுக்க அப்படியே விட்டால் 36 ஏஎச்! நாங்கள் அப்படித்தான் விட்டிருந்தோம், வீட்டு சுவிட்ச்போர்டை யார் அணைப்பார்கள் என்ற நினைப்பில். கருவி, அதன் ஈரமூட்டும் ஹீட்டரோடு சேர்த்து, பேட்டரியிலிருந்து 4 ஆம்ப் இழுத்தது. எட்டு மணி நேரத்துக்கு 32. விளக்கு, தண்ணீர் பம்ப், வெப்பமூட்டியின் விசிறி எல்லாம் தனி. போதாக்குறைக்கு அன்று வானம் மூடிக்கிடந்தது. கூரையிலிருந்த 100 வாட் சோலார் பேனல் நல்ல வெயிலில் 25, 30 ஏஎச் தரும். அன்று அதில் கால்வாசி வந்திருந்தாலே அதிகம்.

இன்வெர்ட்டர் கரண்டை உண்டாக்குவதில்லை. பேட்டரியின் 12 வோல்ட் டிசியை (ஒரே திசையில் ஓடும் கரண்டை), சுவர் பிளக்கில் வரும் 230 வோல்ட்டாக, சில நாடுகளில் 120 வோல்ட்டாக, மாற்றித் தருகிறது. மாற்றும்போது நூற்றுக்குப் பத்து பதினைந்து பங்கு சூடாகப் போய்விடுகிறது. எங்கள் கதையில் கொடுமை என்னவென்றால், கருவிக்கு உள்ளே வேண்டியதும் டிசிதான். 12 வோல்ட்டை 230 ஆக ஏற்றி, அதை அடாப்டர் மறுபடி 24 ஆக இறக்கி, இரண்டு இடத்திலும் நஷ்டப்பட்டு, கடைசியில் ஒரு சின்ன மோட்டாரை ஓட்டிக்கொண்டிருந்தோம். கையேட்டின் பின்பக்கத்தில் 12 வோல்ட்டில் நேரடியாக ஓட்டுவதற்கான மாற்றி ஒன்று உண்டு என்று போட்டிருந்தது. அதை எங்களுக்கு யாருமே சொல்லவில்லை. மருத்துவரிடம் கேட்டுக்கொண்டு, வெளியே தங்கும் நாட்களில் ஈரமூட்டும் ஹீட்டரையும் நிறுத்தினோம். இப்போது அதே கருவி எடுப்பது ஒரு ஆம்புக்குக் கொஞ்சம் கூட, அவ்வளவுதான். எல்லாக் கருவிக்கும் இப்படி மாற்றி கிடைக்கும் என்று சொல்ல மாட்டேன். ஆனால் இன்வெர்ட்டர் வாங்கும் முன் கையேட்டைப் புரட்டிப் பாருங்கள், மருத்துவரிடமும் ஒரு வார்த்தை கேளுங்கள்.

ஆகவே எத்தனை வாட் வாங்கலாம் என்று தொடங்காதீர்கள். ஒரு தாளை எடுத்துக்கொண்டு, வண்டியில் கொண்டுபோகும் சாமான்களில் சுவர் பிளக் இல்லாமல் ஓடவே ஓடாது என்பவற்றை மட்டும் எழுதுங்கள். விளக்கும் பம்பும் ஏற்கெனவே 12 வோல்ட். மோட்டார்ஹோமுக்கென்று வரும் கம்ப்ரசர் ஃப்ரிட்ஜும் 12 வோல்ட். போனுக்கு யூஎஸ்பி போதும். லேப்டாப்கள் பலவற்றுக்கு 12 வோல்ட் சாக்கெட்டில் மாட்டும் டைப்-சி சார்ஜர் இருக்கிறது. எங்கள் தாளில் கடைசியில் மிஞ்சியது இரண்டே இரண்டு: கேமரா பேட்டரி சார்ஜர், டிரில் மெஷினின் சார்ஜர். இரண்டையும் சேர்த்தாலும் 150 வாட் வராது.

வெந்நீர் கெட்டில் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், எல்லோருக்கும் அதில்தான் ஆசை. ஒரு லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைக்க, நஷ்டமெல்லாம் சேர்த்து, பேட்டரியிலிருந்து சுமார் 10 ஏஎச் போகும். கேட்டால் பெரிதாகத் தெரியாது, எனக்கும் தெரியவில்லை. ஆனால் 2000 வாட் கெட்டில் அதை மூன்று நான்கு நிமிடத்தில் இழுக்கிறது, 180 ஆம்புக்கும் மேல். ஈய பேட்டரி ஒன்றே ஒன்று இந்த இழுவையைத் தாங்காது, வோல்ட் சரிந்துவிடும். நான் ஒரு தடவை வைத்துப் பார்த்தேன். விளக்கெல்லாம் மங்கியது, இன்வெர்ட்டர் கத்தியது, கட்டில் பலகையைத் தூக்கி ஒயரைத் தொட்டால் கை சுட்டது. போட்டிருந்த ஒயர் அந்தக் கரண்டுக்கு ஒல்லி, பேட்டரி பக்கத்தில் ஃபியூஸும் இல்லை. அதன் மேல்தான் நாங்கள் இரண்டு இரவு தூங்கியிருக்கிறோம். பெரிய இன்வெர்ட்டர்தான் வேண்டும் என்றால், ஒயர் தடியாகவும் குட்டையாகவும் இருக்க வேண்டும், பேட்டரியை ஒட்டி ஃபியூஸ் இருக்க வேண்டும், பெட்டியைச் சுற்றிக் காற்றோட்டம் வேண்டும். இதில் எதையும் விட்டுக்கொடுக்காதீர்கள். வெந்நீருக்கு வண்டியிலேயே கேஸ் அடுப்பு இருக்கிறது.

லித்தியம் பேட்டரி போட்டால் சரியாகிவிடுமா என்று கேட்பார்கள். நிறையவே மாறும். பெரும்பகுதியைப் பயமில்லாமல் செலவழிக்கலாம், வோல்ட்டும் சட்டென்று சரியாது. ஆனால் அதற்குள் ஒரு காவல் சர்க்யூட் இருக்கிறது. அது 100 ஆம்ப் வரைதான் விடும் என்றால், அந்த ஒரு பேட்டரியிலிருந்து 1200 வாட் சொச்சம்தான் எடுக்க முடியும். 2000 வாட் இன்வெர்ட்டரை மாட்டி முழு வேலை வாங்கினால் அது துண்டித்துவிடும். மைக்ரோவேவிலும் இப்படி ஒரு ஏமாற்றம் உண்டு. முன்பக்கம் 800 வாட் என்று போட்டிருப்பது சமைக்கும் சக்தி. பிளக்கிலிருந்து அது இழுப்பது 1200 வாட், சிலவற்றில் அதற்கும் மேல்.

பெரிய இன்வெர்ட்டரே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. வெளியிலிருந்தே வேலை பார்க்கிறவர்கள், 12 வோல்ட்டுக்கு வழியே இல்லாத மருத்துவக் கருவி வைத்திருப்பவர்கள், வாங்கத்தான் வேண்டும். அப்போது சுத்த சைன் வேவ் வகையாக, அதாவது வீட்டு கரண்டைப் போலவே சீரான அலையாகத் தருவதாக, பார்த்து வாங்குங்கள். மலிவாக வரும், அலை கரடுமுரடாக இருக்கும் 'மாடிஃபைடு' சைன் வேவில் சில சார்ஜர்கள் சூடாகும், சில கருவிகள் ஓடவே மறுக்கும். இன்னொன்று, வெளியே கரண்ட் இருக்கும் இடத்தில் வண்டிக்கு இணைப்பு எடுக்கும் கேபிளை அப்படியே இன்வெர்ட்டரில் சொருகிவிடாதீர்கள். வண்டிக்குள் இருக்கும் பேட்டரி சார்ஜரும் கூடவே ஓட ஆரம்பிக்கும். பேட்டரியிலிருந்து எடுத்து அதே பேட்டரிக்கு ஊற்றி, வழியெல்லாம் சிந்திக்கொண்டிருப்பீர்கள்.

ஐயா, உங்கள் கட்டுரையைப் படித்துவிட்டுக் கிளம்பும் குடும்பங்களில் எங்களைப் போல ஒருவர் மூச்சுக்குக் கருவி வைத்திருக்கலாம். இந்தக் கடிதத்தைச் சுருக்கியாவது வெளியிடுங்கள். இடம் போதாவிட்டால் கெட்டில், மைக்ரோவேவ் பகுதிகளை வெட்டிவிடுங்கள், கையேட்டைப் பார்க்கச் சொன்ன பகுதி மட்டும் இருக்கட்டும்.

அந்த 2000 வாட் பெட்டியைக் கழற்றிவிட்டோம். அதன் இடத்தில் 300 வாட் சுத்த சைன் வேவ் ஒன்று இருக்கிறது, சுவிட்ச் கதவுக்குப் பக்கத்தில். சார்ஜ் ஏறியதும் அணைத்துவிடுவோம். அவருடைய கருவிக்குத் தனி 12 வோல்ட் சாக்கெட், தனி ஃபியூஸ். காலையில் எழுந்ததும் நான் முதலில் பேட்டரி மீட்டரைத்தான் பார்ப்பேன். போன வாரம் வெளியே தங்கிய இரவில் கருவி எடுத்தது 10 ஏஎச். அவர் ஏழு மணி வரை தூங்கினார்.

இப்படிக்கு,
ஒரு வாசகி