ஆவாரையைக் கொல்வது வெயில் அல்ல

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பொங்கல் காப்புக்கட்டுக்கு வேப்பிலை, பூளைப்பூவோடு வைக்கும் ஆவாரம்பூவைச் சந்தையில் கட்டுக் கட்டாக விலைக்கு வாங்கும் காலம் இது. அதை வீட்டிலேயே வளர்க்க நாற்று வாங்கி நடுகிறவர்களும் உண்டு. செடி ஆறு மாதத்தில் பட்டுப்போனால் வெயில் தாங்கவில்லை என்கிறார்கள். கரட்டிலும் கண்மாய்க் கரையிலும் தண்ணீர் ஊற்ற ஆளில்லாமல் நிற்கும் செடிக்கு வெயிலா பகை? பெரும்பாலும் ஊற்றிய தண்ணீர்தான் கொன்றிருக்கும். இல்லாவிட்டால் பைக்குள் சுருண்ட வேர்.

ஆவாரைக்கு ஆணிவேர் வேகமாக இறங்கும். சிறிய பாலித்தீன் பையில் நாலைந்து மாதம் இருந்த நாற்றின் வேர் அடியில் வளையம் போட்டுவிடும். நட்ட பிறகும் அது கீழே போகாது. அதனால் விதையை நிற்க வேண்டிய இடத்திலேயே ஊன்றுவது நல்லது.

பழுப்பேறிக் காய்ந்த, தட்டையான காய்களைப் பறியுங்கள். வண்டு துளைத்த விதைகளைக் கழித்துவிட வேண்டும். மேல்தோல் கெட்டி என்பதால் அப்படியே போட்டால் மாதக்கணக்கில் கிடக்கும். கொதித்த நீரை இறக்கி ஐந்து நிமிடம் ஆறவிட்டு, விதை மேல் ஊற்றி இரவு முழுக்க விடுங்கள். காலையில் உப்பியவை முளைக்கும். உப்பாதவற்றை உப்புத்தாளில் லேசாகத் தேய்த்து மறுபடி ஊறவைக்கலாம். அடுப்பிலேயே வைத்து வேகவிட்டால் கரு செத்துவிடும்.

புரட்டாசிக் கடைசியில், வடகிழக்கு மழைக்கு முன்னால், ஒரு முழ ஆழம் மண்ணைக் கிளறி, 1 செ.மீ. ஆழத்தில் மூன்று விதை ஊன்றி, முளைத்ததும் வலுவான ஒன்றை மட்டும் விடுங்கள். வேலிக்கு 1 மீட்டர் இடைவெளி போதும். செம்மண், சரளை, சுக்கான் நிலம் எதுவானாலும் சரி, தண்ணீர் தேங்கக் கூடாது. களிமண்ணில் மேடு கட்டி அதன்மேல் ஊன்றுங்கள். நாற்றுதான் வேண்டுமென்றால் ஒரு அடி உயரப் பையில் போட்டு, இரண்டு மாதத்துக்குள் நட்டுவிடுங்கள்.

முதல் கோடையில் மட்டும் பத்து நாளைக்கு ஒரு வாளித் தண்ணீர், மண் ஆழம்வரை நனையும்படி. அதன்பிறகு மழையே போதும். தினமும் ஊற்றினால் அடி இலை மஞ்சளாகி, தண்டின் அடி கறுத்து அழுகும். யூரியா போட்டால் தழை மட்டும் கொழுத்துப் பூ குறையும். நிழலில் வைத்தால் குச்சிகுச்சியாக நீளும்.

இலையைப் பச்சைப் புழு மொட்டையடித்தால் மருந்து அடிக்க ஓட வேண்டாம். வெளிர்மஞ்சள் வண்ணத்துப்பூச்சிகளின் புழு அது. வளர்ந்த செடி மறுபடி துளிர்த்துவிடும். ஒரு அடிக்குக் குறைவான கன்றில் மட்டும் கையால் பொறுக்கி எடுங்கள்.

பூ கிளை நுனியில் வருவதால் புதுத் தளிர் எவ்வளவோ அவ்வளவு பூ. பூத்து ஓய்ந்ததும் மூன்றில் ஒரு பங்கைக் கத்தரியால் வெட்டிவிடலாம். காப்புக்கட்டுக்குப் பறிப்பவர்கள் கிளையைக் கையால் முறிக்கும்போது பட்டை அடிவரை உரிந்துவிடுகிறது. அந்தக் காயத்தில் கிளை காய்ந்துபோகும்.

வாங்கும்போது இலைக்காம்பின் அடியைப் பாருங்கள். சிறுநீரக வடிவில் அகலமான, குட்டி இலை போன்ற இலைச்செதில் இருந்தால்தான் ஆவாரை. சீமை அகத்தியையும் வேறு கொன்றைகளையும் இதே பெயரில் விற்பவர்கள் இருக்கிறார்கள்.

சாலைகளின் சென்டர் மீடியனில் அரளிக்கும் காகிதப்பூவுக்கும் லாரித் தண்ணீர் ஊற்றும் உள்ளாட்சிகள், வறண்ட மாவட்டங்களிலாவது சில கிலோமீட்டருக்கு ஆவாரை விதை ஊன்றிப் பார்க்கலாம். ஒரு கோடைக்குத்தான் லாரி தேவைப்படும். தெலங்கானா இதையே மாநில மலராக வைத்திருக்கிறது.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
அருப்புக்கோட்டை.