ஒஸ்தியாவில் நம் தொழில்காரர்கள்

மிலான்,
ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள சண்முகம்,

உன் கடிதம் வந்தது. கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்று படித்த பிறகுதான் நிம்மதி. சொட்டு மருந்தை நேரம் தவறாமல் விட்டுக்கொள், மதினி ஞாபகப்படுத்தட்டும் என்று இருக்காதே. நம் பழைய ஆபீஸ் கட்டடத்தை இடித்துவிட்டார்களாமே! இனி அந்த இடத்தில் ஜவுளிக்கடை வருமாக்கும்.

சரி, இங்கத்திய கதைக்கு வருகிறேன். பையனுக்கு லீவு கிடைத்ததால் குடும்பத்தோடு ரோமுக்குப் போய் வந்தோம். கொலோசியம் பார்த்தாயிற்று. பெரிசுதான், மறுக்கவில்லை. ஆனால் திருச்செந்தூரில் சூரசம்ஹாரத்தன்று நிற்கிற மாதிரி கூட்டம். மனுஷனை மிருகத்தோடு மோதவிட்டு வேடிக்கை பார்த்த இடத்தை வாய் பிளந்து பார்க்க எனக்கு மனசும் வரவில்லை.

மறுநாள் மருமகள் சொன்னாள் என்று ஒஸ்தியா ஆந்திகா போனோம். பிராமிடே ஸ்டேஷனில் ஏறினால் அரைமணி நேரம்தான். தைபர் ஆறு கடலில் கலந்த இடத்தில் இருந்த ஊர், ரோமின் பழைய துறைமுகம். பொம்பெய் மாதிரி எரிமலையில் ஒரே நாளில் புதைந்ததல்ல. வியாபாரம் படுத்து, ஜனங்கள் கொஞ்சம் கொஞ்சமாக வெளியேறி, மண் மூடிப்போன ஊர். நடுத்தெரு மட்டும் ஒரு கிலோமீட்டருக்கு மேல் இருக்கும். முழுக்கக் கருங்கல் பாளம், அதுவும் மேடுபள்ளம். என் முழங்கால் பட்ட பாட்டை நேரில் சொல்கிறேன்.

அங்கே நாடக அரங்குக்குப் பின்னால் ஒரு சதுக்கம். அதைச் சுற்றி மூன்று பக்கமும் வரிசையாகச் சின்னச் சின்ன அறைகள், சுமார் 60. அத்தனையும் கப்பல்காரர்கள், சரக்கு வியாபாரிகளின் ஆபீஸ்! அறைக்கு முன்னால் தரையில் கறுப்பும் வெள்ளையுமாகப் பொடிக்கல் பதித்துப் படம் போட்டிருக்கிறார்கள். போர்டுக்குப் பதில் அதுதான். லிபியாப் பக்கத்துச் சப்ரதாக்காரர்கள் யானை போட்டிருக்கிறார்கள். கார்தேஜ், நார்போன், கால்யாரி என்று ஊர் ஊராகப் பெயர். ஒரு படத்தில், கடல் கப்பலிலிருந்து ஆற்றுப் படகுக்கு ஒருத்தன் தோளில் சாடியைச் சுமந்து போகிறான். பெரிய கப்பல் ஆற்றில் ஏறாது, இங்கே சரக்கை மாற்றித்தான் ரோமுக்குக் கொண்டுபோக வேண்டும். புதுத் துறைமுகம் வருவதற்கு முன்னால் தூத்துக்குடியில் கப்பல் வெளியே நிற்க, தோணியில் சரக்கு அடித்தோமே, அதே வேலை.

இன்னொரு இடத்தில் தானியம் அளப்பவர்களின் சங்கக் கட்டடம். கி.பி. 3-ஆம் நூற்றாண்டுப் படம் அது, விட்டு நகரவே மனசில்லை. நடுவில் தானியம் அளக்கிற மரக்கால். பக்கத்தில் ஒருத்தன், குவிந்த தானியத்தை மட்டமாக வழித்துத் தலைதட்டுகிற கோலோடு நிற்கிறான். இன்னொருத்தன் முதுகில் மூட்டையோடு வருகிறான். ஓரமாக ஒரு பொடியன், கையில் எண்ணிக்கை வில்லைகள் கோத்த கயிறு. சரக்கை எண்ணிக் கணக்கு வைக்கிற டாலி கிளார்க், சண்முகம்! தலைதட்டினால் ஒரு கணக்கு, குவித்தால் ஒரு கணக்கு என்று எத்தனை சண்டை பார்த்திருப்போம். அந்தக் கோல் இல்லாமல் அவர்களுக்கும் ஓடவில்லை. பேரனிடம், "இதுதான்டா தாத்தா பார்த்த வேலை" என்றேன். கம்ப்யூட்டர் எங்கே என்று கேட்டுவிட்டு ஓடிவிட்டான்.

அவனுக்குப் பிடித்தது பொதுக் கழிப்பறை. சலவைக்கல் பலகையில் வரிசையாக ஓட்டை, நடுவில் தடுப்பு கிடையாது. பக்கத்து ஆளோடு ஊர்க்கதை பேசிக்கொண்டே காரியத்தை முடிக்கலாம். சரோஜா மூக்கைப் பொத்திக்கொண்டாள், இத்தனை நூற்றாண்டு கழித்து! அவளுக்குச் சாப்பாட்டுக் கடைதான் பிடித்தது. கல் மேடை, தட்டு அடுக்கு, சுவரில் தின்பண்டப் படம் எல்லாம் அப்படியே இருக்கிறது. புளிச்சோற்றுப் பொட்டலத்தை அங்கேயே பிரிக்கப் பார்த்தாள். காவலாள் பார்த்த பார்வையில் வெளியே மர நிழலுக்குப் போய்விட்டோம்.

ஒன்று மட்டும் குறை. சேரநாட்டு முசிறியில் ஏற்றிய மிளகு செங்கடல் வழியாக எகிப்து போய், அலெக்சாந்திரியாவில் வேறு கப்பல் மாறித்தான் இத்தாலி வந்தது. ரோமில் மிளகுக்கென்றே டொமிஷியன் சக்கரவர்த்தி கிடங்கு கட்டியிருக்கிறான். ஆனால் இந்தச் சதுக்கத்தில் அலெக்சாந்திரியாக்காரனுக்கு அறை இருக்கிறது, நம் பக்கத்து ஊர்ப் பெயர் எங்கேயும் இல்லை. டிரான்ஷிப்மென்ட் சரக்கென்றால் ஏற்றிய ஊரை யார் நினைக்கிறார்கள்? அன்றைக்கும் அப்படித்தான் போலிருக்கிறது.

ஆறு கொட்டிய மண்ணால் கடல் இப்போது ஊரைவிட்டு மூன்று கிலோமீட்டர் தள்ளிப் போய்விட்டது. கி.பி. 42-இல் கிளாடியஸ் சக்கரவர்த்தி வடக்கே புதுத் துறைமுகம் வெட்ட ஆரம்பித்தான், பின்னால் டிராஜன் அறுகோணமாக ஒரு குளமே தோண்டினான். அவையும் இன்று நிலத்துக்குள்தான், விமான நிலையத்துக்குப் பக்கத்தில். கொற்கைக்குத் தாமிரபரணி செய்ததும் இதுதானே. அத்தனை வருஷம் துறைமுகத்தில் வேலை பார்த்தும் நாம் இரண்டு பேரும் கொற்கையை ஒழுங்காகச் சுற்றிப் பார்க்கவில்லை. தை பிறந்ததும் நான் ஊருக்கு வந்துவிடுவேன். உன் மருமகன் ஒருநாள் காரைக் கொடுப்பாரா என்று கேட்டு வை. டீசல் என் செலவு.

அன்புடன்,
ராமசாமி