எங்கள் சின்னவளுக்காக நின்ற எல்லாருக்கும்

தனித்தனியாக ஃபோன் எடுத்துச் சொல்லத்தான் நினைத்தேன், ஆனால் வீட்டில் ஒரு நாளைக்கு 5 தடவை, கிட்னியின் வேலையைச் செய்ய அவள் வயிற்றுக்குள் விடும் டயலிசிஸ் திரவத்தை மாற்ற வேண்டும், மிச்ச நேரம் அவளுக்குப் பின்னால் ஓட்டம். அதனால் இங்கேயே எழுதிவிடுகிறேன்.

தெரியாதவர்களுக்கு: மகளுக்கு இரண்டரை வயது. முகம் வீங்கியது, சிறுநீரில் புரதம் போனது, ஸ்டீரொய்ட் கொடுத்தும் கேட்கவில்லை. (ஓரிடத்தில் சும்மா அலர்ஜி என்று திருப்பி அனுப்பினார்கள், அந்தக் கதை வேண்டாம்.) கடைசியில் டபிள்யூடி1 என்ற மரபணுவில் பிழை என்று தெரிந்தது. இந்த நோயை டெனிஸ்-டிராஷ் என்கிறார்கள். கிட்னி சின்ன வயதிலேயே கைவிடும், அதோடு வில்ம்ஸ் என்ற கிட்னிப் புற்றுநோய் வரும் ஆபத்தும் மிக அதிகம். கிட்னி நின்றதும், கட்டி ஏதும் வருமுன்னே இரண்டையும் எடுத்துவிட்டோம்.

"வராத நோய்க்குப் பிள்ளையை ஏன் வெட்டுகிறீர்கள்?" என்று கேட்டவர்கள் மேல் கோபமில்லை. சரி, கொஞ்சம் இருந்தது. ஆனால் நானும் டொக்டரிடம் அதையேதான் கேட்டேன். வெளியே அத்தனை பேர் காத்திருக்க, அவர் ஒரு கடதாசியில் இரண்டு அவரை விதை கீறி, வேலை செய்யாத கிட்னியை உள்ளே விட்டால் ஒவ்வொரு ஸ்கேனுக்கும் பயந்துகொண்டே இருக்க வேண்டும், புற்றுநோய் வந்துவிட்டால் அந்த வைத்தியம் முடிந்த பிறகும் மாற்றுக் கிட்னிக்கு நெடுநாள் பொறுக்க வேண்டும் என்று விளங்கப்படுத்தினார். பிறகு மாமியைப் பார்த்து, அநேகமான பிள்ளைகளில் இது புதிதாக வருவது, யாருடைய பக்கத்தால் வந்தது என்று தேடாதீர்கள் என்றார். வீட்டில் மூன்று கிழமையாக நடந்த வழக்கு அன்றோடு தள்ளுபடி. டொக்டர், ஒப்பரேஷனை விட அந்த ஒரு வசனத்துக்கு உங்களைக் கும்பிடுகிறேன்.

வார்டில் "ஆயெத் அத ஹோதன்ன" என்று என்னைத் திரும்பத் திரும்பக் கை கழுவ வைத்த மிஸ்ஸிமாருக்கு நன்றி. அப்போது எரிச்சலாக இருந்தது, இன்றுவரை கிருமி தொற்றவில்லை. நாரஹேன்பிட்டியில் இரத்தம் கொடுத்துவிட்டுப் பெயர்கூடச் சொல்லாமல் போன கம்பஸ் பிள்ளைகள், வெள்ளவத்தையிலிருந்து பொரளை ஆஸ்பத்திரிக்கு விடிய நாலு மணிக்கும் முகம் சுளிக்காமல் வந்த ஓட்டோ அண்ணன், பக்கத்துக் கட்டிலில் பாஷை தெரியாமலே எனக்குத் தேத்தண்ணீர் ஊற்றித் தந்த குருநாகல் அம்மா.

அப்புறம் மேல் மாடி அன்ரி. பெரியவனை இரண்டு மாதம் தன் பிள்ளை போலப் பார்த்தார், கிட்னி இல்லாத சின்னவளுக்குப் பொட்டாசியம் கூடக்கூடாது என்பதால் மரக்கறியை அவித்துத் தண்ணீரை வடித்துவிட்டுக் கறி வைத்து அனுப்பினார், ஒரு நாளும் ஏன் எதற்கு என்று கேட்கவில்லை.

இப்போது 9.2 கிலோ. 10 கிலோவுக்குக் கிட்ட வந்தால் அப்பாவின் கிட்னி வைக்கலாம், அவருக்குப் பரிசோதனைகள் நடக்கின்றன. பார்க்க வருகிறவர்கள் செவ்விளநீர், வாழைப்பழம் கொண்டுவர வேண்டாம், அவற்றிலும் பொட்டாசியம் அதிகம். தடிமன் இருந்தால் ஃபோனில் கதைப்போம். வெறுங்கையோடு வர மனமில்லை என்றால் முட்டை கொண்டு வாருங்கள், அதை மட்டும் அடம்பிடிக்காமல் சாப்பிடுகிறாள்.