கேமரா பாடியை மாற்றச் சொல்கிறீர்கள், ஆடி மாச இ.எம்.ஐ.க்கு என்ன வழி?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன ஞாயிறு இணைப்பில் மிரர்லெஸ் கேமரா (உள்ளே பிரதிபலிக்கும் கண்ணாடி இல்லாதது) பற்றி வந்த கட்டுரையைக் கடையில் உட்கார்ந்து இரண்டு தடவை படித்தேன். நன்றாகத்தான் எழுதியிருக்கிறார். ஆனால் போட்டோ தொழிலில் இருப்பவர்கள் மூன்று வருஷத்துக்கு ஒரு முறை பாடியை, அதாவது லென்ஸ் நீங்கலான கேமராவை, மாற்றிவிடுவது நல்லது என்று போகிற போக்கில் ஒரு வரி எழுதிவிட்டாரே, அது எங்கள் வீட்டில் பெரிய பஞ்சாயத்தாகிவிட்டது. கடையில் வீடியோ வேலையைக் கவனிக்கும் என் தம்பி அன்று சாயங்காலமே பேப்பரைக் கொண்டுவந்து மேஜையில் விரித்து, "பாத்தியாண்ணா, பேப்பர்லயே போட்டுட்டாங்க" என்கிறான்.

எங்களுக்குக் காவேரிப்பட்டணத்தில் சின்ன ஸ்டூடியோ. அப்பா காலத்தில் ஒரே ஒரு யாஷிகா, 120 ரோல் போட்டால் 12 படம், அதை வைத்துப் பதினெட்டு வருஷம் ஓட்டினார். அந்தக் கதை இப்போது செல்லாது, தெரியும். நான் சோனி ஏ7 மார்க் 3 வைத்திருக்கிறேன். மாடல் வந்தது 2018ல், நான் வாங்கியது 2021ல். வாங்கிய வருஷமே, அக்டோபரில், மார்க் 4 அறிவித்துவிட்டார்கள் (என் ராசி அப்படி). தம்பி கேட்பது அந்த மார்க் 4. அதற்கு மேலேயும் மாடல்கள் இருக்கின்றன, அவன் கண்ணில் படாதவரை நல்லது.

வாயால் சண்டை போடுவதை விட்டுவிட்டு ஒரு காரியம் செய்தோம். தை மாசத்தில் பெங்களூரு போய் மார்க் 4 பாடியை இரண்டு நாளைக்கு வாடகைக்கு எடுத்து வந்தோம். முதல் நாள் கிருஷ்ணகிரியில் ஒரு கல்யாணம், மறுநாள் பக்கத்து ஊரில் எருது விடும் விழா. இரண்டு இடத்திலும் இரண்டு பாடியையும் மாற்றி மாற்றி எடுத்தேன்.

கல்யாணப் படங்களைக் கணினியில் போட்டுப் பெரிதாக்கிப் பார்த்தால் வித்தியாசம் தெரிகிறது, இல்லை என்று சொல்லமாட்டேன். 24 மெகாபிக்சலுக்கும் 33க்கும் உள்ள வித்தியாசம். ஆனால் எங்கள் படம் போய்ச் சேருவது ஆல்பத்தில். விரித்தால் 12க்கு 36 இன்ச், ஒரு பக்கம் 12க்கு 18. இன்ச்சுக்கு 300 புள்ளி என்று அச்சகம் கேட்கும் கணக்கிலேயே போட்டாலும் ஒரு பக்கத்துக்கு 5400க்கு 3600 பிக்சல் போதும். என் பழைய பாடி தருவது 6000க்கு 4000. அதாவது முழுப்பக்கப் படம் போட்டும் மிச்சம் இருக்கிறது. விரித்த இரண்டு பக்கத்துக்கும் சேர்த்து ஒரே படம் போட்டால்தான் இன்ச்சுக்கு 167 புள்ளியாக இறங்கும். மார்க் 4ல் அதுவே 195 வரும். அதைக் கையில் வைத்துப் பார்க்கிற மாப்பிள்ளையோட சித்தப்பா கண்டுபிடிப்பார் என்றா நினைக்கிறீர்கள்? பாதிப் பேர் ஆல்பத்தையே திறப்பதில்லை, வாட்ஸ்அப்பில் வந்ததோடு சரி. திருத்தாத மூலப் படமான ராவ் கோப்பின் கனம் மட்டும் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஏறுகிறது, கார்டும் ஹார்ட் டிஸ்க்கும் அதற்குத் தனியாக வாங்க வேண்டும். கட்டுரையில் இந்தச் செலவு வரவே இல்லை.

இன்னொன்று, மண்டப மேடையில் இப்போது எங்கே பார்த்தாலும் எல்இடி. தாலி கட்டும் நேரத்தில் சத்தம் வேண்டாமே என்று சைலன்ட் ஷட்டரில் போட்டால் படத்தில் பட்டை பட்டையாகக் கோடு விழும். படத்தைப் பதிவு செய்யும் சென்சார் மேலிருந்து கீழே வரிவரியாகப் படிக்கிறது, அதற்குள் விளக்கு பல தடவை மினுக்கிவிடுகிறது, அவ்வளவுதான் விஷயம். இது சாதாரண சென்சார் உள்ள எல்லா பாடிக்கும் பொது, புதுசு என்பதால் போய்விடாது. வேகமாகப் படித்து முடிக்கும் ஸ்டேக்டு சென்சார் வைத்த விலை உயர்ந்த பாடிகளில்தான் குறையும். டக்கென்று சத்தம் போடும் மெக்கானிக்கல் ஷட்டருக்கு மாற்றினால் பெரும்பாலும் சரியாகிவிடும். நாதஸ்வரமும் கெட்டிமேளமும் முழங்கும்போது என் ஷட்டர் சத்தம் யாருக்குக் கேட்கப்போகிறது, சொல்லுங்கள்.

எருது விடும் விழாவுக்கு வருகிறேன். இங்கே நான் தோற்றேன் என்றே எழுதிக்கொள்ளலாம். எங்கள் பக்கம் எருதின் கொம்பில் அலங்காரத் தட்டி கட்டி விடுவார்கள், அதைப் பறிக்க இரண்டு பக்கமும் பிள்ளைகள் பாய்வார்கள், நடுவில் செம்மண் புழுதி. என் மார்க் 3ல் விலங்கின் கண்ணைப் பிடிக்கும் வசதி 2019 ஏப்ரலில் இலவச அப்டேட்டாகவே வந்தது, அதை வைத்துத்தான் எடுத்துக்கொண்டிருக்கிறேன். ஆனால் தட்டியில் ஒட்டிய ஜிகினாவைப் பார்த்ததும் போகஸ் அங்கே ஓடும், இல்லையென்றால் பின்னால் துண்டு சுற்றுகிற ஆளிடம் போய் நிற்கும். மார்க் 4 எருதின் முகத்தை விடாமல் பிடித்துக்கொண்டு வந்தது. நூறு படத்தில் எனக்குத் தேறியது பழையதில் ஐம்பது என்றால் இதில் எழுபது எண்பது. நாய், பூனை, பறவை என்றுதான் விளம்பரங்களில் காட்டுகிறார்கள், எருதை ஒருவரும் காட்டிப் பார்த்ததில்லை, இருந்தும் பிடிக்கிறது. தம்பி அன்று முழுக்க என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே இருந்தான்.

சரி, எருது படத்துக்கு யார் காசு கொடுக்கிறார்கள்? எருதுக்காரர் ஒரு படம் கேட்பார், பிரேம் போட்டுக் கொடுப்போம், ஒரு டீ வாங்கித் தருவார்.

அதே புழுதியில் கவனித்த இன்னொரு சங்கதி. மிரர்லெஸ்ஸில் லென்ஸைக் கழற்றினால் சென்சார் திறந்தபடி இருக்கும், முன்பு போலக் கண்ணாடி மறைக்காது. மார்க் 4ல் ஆஃப் செய்ததும் ஷட்டர் மூடிக்கொள்ளும்படி வைத்துக்கொள்ளலாம். எங்கள் மாவட்டம் மாதிரி கிரானைட் தூளும் செம்மண்ணும் பறக்கும் இடத்தில் மெகாபிக்சலைவிட இது எனக்குப் பெரிசாகப் பட்டது. விளம்பரத்தில் கடைசி மூலையில் போடுகிறார்கள்.

வீடியோவில் தம்பி பக்கம் நியாயம் இருக்கிறது, அதையும் சொல்லிவிட வேண்டும். பழையதில் 8 பிட், ஒரு நிறத்துக்கு 256 படி. புதியதில் 10 பிட், 1024 படி. ஊதா விளக்கு அடிக்கும் ரிசப்ஷன் மேடையில் பின்புறத் திரை படிப்படியாக உடைந்து தெரியாமல் கலர் திருத்த முடிகிறது. 4கேயில் நொடிக்கு 60 பிரேமும் கிடைக்கிறது, படம் ஓரங்களில் வெட்டுப்படும் என்பது வேறு. வீடியோவையே பிழைப்பாக வைத்திருப்பவர் மாற்றட்டும், நான் தடுக்கமாட்டேன்.

இனி பணத்துக்கு வருவோம். டிஜிட்டல் கேமராவுக்கு 2019 ஜனவரி முதல் ஜிஎஸ்டி 18 சதவீதம், அதற்கு முன் 28 இருந்தது. இரண்டு லட்ச ரூபாய் பில் போட்டால் அதில் சுமார் 30,500 வரி. ஜிஎஸ்டி பதிவு உள்ள பெரிய ஸ்டூடியோக்காரர், தான் வசூலிக்கும் வரியில் அதைக் கழித்துக்கொள்வார். வருஷத்துக்கு 20 லட்சம் தாண்டாத எங்களைப் போன்றவர்களுக்குப் பதிவு கட்டாயமில்லை, அதனால் முழுசும் கையிலிருந்துதான் போகும். ஆக, கட்டுரையில் போட்ட விலை அவருக்கு ஒரு விலை, எனக்கு ஒரு விலை. ஆடியிலும் மார்கழியிலும் எங்களுக்கு முகூர்த்தம் கிடையாது, இ.எம்.ஐ. மட்டும் ஐந்தாம் தேதி தவறாமல் வந்துவிடும். பக்கத்து ஊர்க்காரர் ஒருவர் இப்படிக் கடனில் பாடி வாங்கி, ஆடியில் ஒரு லென்ஸை விற்றுத் தவணை கட்டினார். பாடி புதுசு, போடுவதற்கு லென்ஸ் இல்லை.

லென்ஸ் என்றதும்தான் நினைவு வருகிறது, கட்டுரையில் அதைப் பற்றி நாலு வரிதான். பாடியோடு வருகிற 28-70 மி.மீ. லென்ஸ், முழுசாக ஜூம் செய்து 70ல் வைத்தால், எஃப் 5.6 வரைதான் திறக்கும். எஃப் எண் குறையக் குறைய லென்ஸின் வாய் அகலமாகத் திறக்கும். 2.8 லென்ஸ் போட்டால் நாலு மடங்கு வெளிச்சம் உள்ளே வரும். இருட்டு மண்டபத்தில் எந்தப் புது பாடியும் பழையதைவிட நாலு மடங்கு கொடுத்து நான் பார்க்கவில்லை.

"அண்ணா, மார்க் 4 இருக்கா?" என்று கேட்டுவிட்டு அட்வான்ஸ் கொடுக்கிற மாப்பிள்ளைகளும் இருக்கிறார்கள், உண்மை. இந்த வருஷம் அப்படி மூன்று பேர். அவர்களுக்கு வாடகைக்கு எடுத்து, அதைப் பில்லிலேயே சேர்த்துவிட்டேன், மூன்று பேரும் மறுக்கவில்லை.

என் பாடி இதுவரை 1,64,000 கிளிக் ஆகியிருக்கிறது. ஷட்டர் தாங்கும் என்று கம்பெனி சொல்லும் கணக்கு 2 லட்சம், அதைத் தாண்டியும் ஓடும், நடுவில் நின்றாலும் நிற்கும். வருஷத்துக்கு 40,000 போகிறது. அதனால் இந்த வைகாசிக்கு 85 எஃப் 1.8 லென்ஸ் மட்டும் வாங்குகிறோம், பாடிப் பேச்சை அடுத்த தைக்கு வைத்துக்கொள்ளலாம் என்று தம்பியிடம் சொல்லியிருக்கிறேன். அவன் இன்னும் சரி என்று சொல்லவில்லை.

உங்களிடம் ஒரு வேண்டுகோள். செகண்ட் ஹேண்டில் பாடி வாங்குகிறவர் ஷட்டர் கவுண்ட்டை எப்படிப் பார்ப்பது, சென்சாரில் கீறல் இருக்கிறதா என்று எப்படிச் சோதிப்பது, ஒரிஜினல் பில் ஏன் கேட்டு வாங்க வேண்டும் என்று அதே எழுத்தாளரிடம் ஒரு கட்டுரை கேட்டு வாங்கிப் போடுங்கள். தைக்கு முன்னால் வந்தால் உதவியாக இருக்கும்.

இப்படிக்கு,
ஒரு ஸ்டூடியோக்காரர்,
காவேரிப்பட்டணம், கிருஷ்ணகிரி மாவட்டம்.