பைன் நிழலில் வளரும் மழைக்காடு

கோண்டாவில்,
யாழ்ப்பாணம்.

அன்புள்ள சிவநேசன்,

உம்முடைய கடிதம் போன கிழமை வந்து சேர்ந்தது. மகளுக்குத் திருகோணமலையில் ஆசிரியர் நியமனம் கிடைத்த செய்தியைப் படித்து வீட்டில் எல்லோரும் மகிழ்ந்தோம். அவள் உயிரியலை விட்டுக் கணிதம் எடுத்ததற்காக நீர் மாதக்கணக்கில் முகம் கொடுத்துப் பேசாமல் இருந்ததும் நினைவுக்கு வந்தது. என் முழங்கால் வலி குறைந்திருக்கிறது. மற்றபடி இங்கே எல்லோரும் நலம். கடிதத்தின் கடைசியில் நீர் கேட்டிருந்த கேள்விக்குத்தான் இந்தப் பதில் நீளப்போகிறது. வாவியும் கண்டற்காடும் உங்கள் பாடசாலை வாசலிலேயே இருக்கும்போது உயர்தர மாணவர்களை நாட்டின் மறுகோடிக்குக் கொண்டுபோய் மழைக்காட்டைக் காட்டுவதால் என்ன பயன், அந்தப் பணத்துக்கு இரண்டு நுணுக்குக்காட்டி வாங்கலாமே என்று எழுதியிருந்தீர். எங்கள் பாடசாலைப் பிள்ளைகளோடு தென்மேற்கிலுள்ள சிங்கராஜ மழைக்காட்டுக்குப் போய் வந்த கையோடு இதை எழுதுகிறேன். நுணுக்குக்காட்டி வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். பயணத்துக்கும் பணம் சேர்க்கத்தான் வேண்டும் என்று சொல்லப்போகிறேன்.

வழிப்பயணத்தை விரிக்க ஒன்றுமில்லை. இரத்தினபுரியிலிருந்து கலவான, வெத்தாகல வழியாகக் குடாவ வாயிலுக்குப் போகிற பாதையில் தேயிலைக் காணிகள் காட்டின் விளிம்புவரை ஏறி நிற்பதைப் பிள்ளைகள் தாங்களாகவே கவனித்தார்கள். வனப் பாதுகாப்புத் திணைக்களத்தின் அனுமதிச்சீட்டும் ஒரு வழிகாட்டியும் இல்லாமல் உள்ளே போக முடியாது. எங்களுக்கு வாய்த்தவர் அந்த ஊர்க்காரர், காட்டோரத்தில் கித்துள் பனை சீவுகிற குடும்பத்தில் பிறந்தவர். அவர் சிங்களத்தில் சொன்னதை எங்கள் புவியியல் ஆசிரியர் தமிழில் சொல்லிக்கொண்டு வந்தார். கித்துள் பதநீர் புளிக்காமல் இருக்க ஹல் மரத்தின் பட்டையை முட்டிக்குள் போடுவார்கள் என்று அவர் சொன்னபோது, எங்கள் ஊரில் பனையில் கட்டும் முட்டிக்குச் சுண்ணாம்பு தடவுவோம் என்று வகுப்பிலேயே வாய் திறக்காத ஒரு பையன் பதில் சொன்னான். அதற்குப் பிறகு வழிகாட்டி அவனைத் தன் பக்கத்திலேயே வைத்துக்கொண்டார்.

1988ஆம் ஆண்டு உலக மரபுரிமைப் பட்டியலில் இடம்பெற்ற அந்த 8,864 ஹெக்டேயர் காட்டில் ஆண்டுக்கு 3,600 முதல் 5,000 மில்லிமீற்றர் வரை மழை பெய்கிறது. குறைந்த கணக்கை எடுத்தாலும் நம் யாழ்ப்பாணத்தில் பெய்வதைப் போல ஏறத்தாழ மூன்று மடங்கு. மர இனங்களில் நூற்றுக்கு அறுபதுக்கு மேற்பட்டவை இந்தத் தீவைத் தவிர வேறெங்கும் இல்லாதவை. இவற்றையெல்லாம் பாடப்புத்தகமே சொல்லும். பாடப்புத்தகம் சொல்லாதது, உள்ளே போனதும் பிள்ளைகளுக்கு ஏற்படுகிற ஏமாற்றம். யானையும் சிறுத்தையும் எங்கே என்று கேட்டார்கள். யானைகள் அங்கே மிகச் சிலவே உண்டு. சிறுத்தையை ஊரவர்களே எப்போதாவதுதான் காண்கிறார்கள். வில்பத்துவில் வாகனத்தில் அமர்ந்து வெட்டவெளியில் விலங்கு பார்த்துப் பழகிய கண்ணுக்கு மழைக்காடு முதலில் வெறும் பச்சைச் சுவராகத் தெரிகிறது. அந்த ஏமாற்றத்தை அவசரப்பட்டு ஆற்றக்கூடாது என்பது என் கருத்து. பார்க்க ஒன்றுமில்லை என்று தோன்றிய பிறகுதான் பிள்ளைகள் குனிந்தும் நிமிர்ந்தும் பார்க்கத் தொடங்குகிறார்கள்.

குனிந்து பார்த்ததைச் சொல்கிறேன். சருகை விலக்கினால் இரண்டு மூன்று விரற்கடைக்குள் மண் வந்துவிடுகிறது. இவ்வளவு பெரிய காட்டுக்கு அடியில் நம் செம்மண் தோட்டத்தை விடக் கொழுத்த மண் இருக்கும் என்று எதிர்பார்த்த பிள்ளைகள், அமிலத் தன்மையுள்ள, மழை கழுவிக்கொண்டு போன மெலிந்த மண்ணைத்தான் கண்டார்கள். காட்டின் செல்வம் பெரும்பாலும் உயிருள்ள மரத்திலேயே இருக்கிறது. விழுகிற இலையைப் பூஞ்சணமும் கறையானும் விரைவிலேயே பிரித்துக் கொடுக்க, மேல்மண்ணில் பின்னிக் கிடக்கும் வேர்களும் அவற்றோடு கூடி வாழும் பூஞ்சண இழைகளும் அதை வீணாகவிடாமல் திரும்ப எடுத்துக்கொள்கின்றன. ஹொர மரத்தின் பக்கவேரைக் கையால் தொடர்ந்துகொண்டு போன ஒரு மாணவி, அது ஆழமாக இறங்காமல் மேலோடு ஓடுவதைத் தானே கண்டுபிடித்தாள். நிமிர்ந்து பார்த்தபோது நாக மரங்கள் துளிர்விட்டுச் செந்நிறமாக நின்றன. வெளிச்சத்தை அளக்கக் கைத்தொலைபேசிச் செயலி ஒன்றைப் பயன்படுத்தினோம். பாதையில் இருந்த வெளிச்சத்தில் நூற்றில் ஒன்றிரண்டு பங்குதான் காட்டுத் தரைக்கு வந்து சேர்கிறது என்ற செய்தியை அவர்கள் நம்புவதற்கு அந்தக் கருவியின் எண் தேவைப்பட்டது.

பறவைக் கூட்டத்தைப் பற்றி எழுதாமல் விட்டால் நீர் கோபிப்பீர். சிங்கராஜவில் பல இனப் பறவைகள் ஒன்றாகச் சேர்ந்து இரைதேடித் திரிவதைப் பேராசிரியர் சரத் கொட்டகம 1981 முதல் ஆராய்ந்து வந்திருக்கிறார். ஒரு கூட்டத்தில் சராசரியாக நாற்பது பறவைகள், பத்துக்கு மேற்பட்ட இனங்கள் இருக்கும். அரை நாள் வெறுமையாகக் கிடந்த பாதையில் திடீரென்று செம்மஞ்சள் அலகுச் சிலம்பன்கள் கீச்சிட்டுக்கொண்டு முன்னே வர, அவற்றின் பின்னால் பூச்சிபிடிப்பான்களும் மரங்கொத்திகளும் ஒரு செம்முகப் பூங்குயிலும் எங்கள் தலைக்கு மேலால் கடந்தன. எண்ணிக்கையில் மிகுந்த சிலம்பன்கள் இலைகளைக் கலைத்துப் பூச்சியைக் கிளப்புகின்றன. துடுப்புவால் கரிச்சான் அதைப் பறந்து பிடிக்கிறது. பருந்தைக் கண்டால் எச்சரிப்பதும் அதுதான். கூட்டத்திலுள்ள பிற இனங்களின் குரலையும் அபாய ஒலியையும் அது பாவனை செய்வதைக் கொட்டகமவும் எபன் குடேல் என்ற ஆய்வாளரும் சேர்ந்து எழுதிய ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. அந்தக் குரல் மற்றப் பறவைகளை அழைத்துச் சேர்க்கவும் உதவுகிறதாம். சிலம்பனுக்குக் காவல், கரிச்சானுக்கு இரை என்று நான் கரும்பலகையில் பல ஆண்டுகளாக எழுதிவந்த இடைவினை, சில நிமிடங்களில் நடந்து முடிந்தது. கூட்டம் போன பிறகு, யார் யாரைப் பின்தொடர்ந்தது என்று பிள்ளைகள் தங்களுக்குள் வாதாடிக்கொண்டிருந்தார்கள், நான் குறுக்கிடவில்லை.

ஆனாலும், என்னைக் கேட்டால், இந்தப் பயணத்தின் பாடம் கன்னிக் காட்டுக்குள் இல்லை. நாங்கள் நடந்த அந்த அகலமான பாதையே மரம் ஏற்றிச் சென்ற பார வாகனங்களுக்காக வெட்டப்பட்டது. 1972ஆம் ஆண்டு ஒட்டுப்பலகைத் தொழிற்சாலைக்காக இந்தக் காட்டில் இயந்திரங்களைக் கொண்டு மரம் தறிக்கத் தொடங்கினார்கள். மக்களின் எதிர்ப்பு வலுத்து 1977ஆம் ஆண்டளவில் அது நிறுத்தப்பட்டது. 1978இல் காடு உயிர்க்கோள ஒதுக்கிடமானது. அந்தக் காலத்தில் தறிக்கப்பட்ட பகுதி இன்று எப்படி இருக்கிறது என்பதைப் பாதையோரத்திலேயே பார்க்கலாம். மரங்கள் உயர்ந்துவிட்டன, ஆனால் கனரக வாகனங்கள் மண்ணை இறுக்கிய இடங்களில் இன்னும் கிளிடேமியா என்ற அந்நியச் செடியும் புதருமே மிகுந்திருக்கின்றன.

அதைவிட முக்கியமானது காட்டின் எல்லையில் உள்ள பைன் தோட்டம். எழுபதுகளின் இறுதியிலும் எண்பதுகளிலும் ஊருக்கும் காட்டுக்கும் இடையே அரணாகக் கரிபியன் பைனை நட்டார்கள். அந்த மரத்தைப் பற்றி இலங்கையில் நல்ல வார்த்தை சொல்பவர்கள் குறைவு என்பது உமக்குத் தெரியும்: ஊற்றை வற்றச் செய்கிறது, கோடையில் தீப்பிடிக்கிறது, அடியில் ஒன்றும் முளைக்க விடுவதில்லை என்பார்கள். வழிகாட்டியும் அதைத்தான் சொன்னார். நானும் பைனுக்கு வக்காலத்து வாங்க வரவில்லை. ஆனால் பைன் நடப்படுவதற்கு முன்பு அங்கே இருந்தது காடு அல்ல. காட்டை வெட்டி எரித்துச் சேனைப்பயிர் செய்து கைவிட்ட சரிவுகளில் கெக்கில்ல என்ற பன்னம் (பெரணி) இடுப்பளவு மண்டிக்கிடந்தது. வெயிலை விரும்பும் அந்தப் பன்னத்தின் பின்னலுக்குள் மரவிதை விழுந்தாலும் வேர் ஊன்ற முடியாது. பைன் வளர்ந்து நிழல் விழுந்ததும் பன்னம் செத்தது. பறவையும் வௌவாலும் கொண்டுவந்து போட்ட சிறு விதைகள் அந்த நிழலில் முளைத்தன.

காட்டின் பெருமரங்களான ஹொரவும் துன் இனங்களும் மட்டும் அப்படி வருவதில்லை. அவற்றின் கனமான விதை தாய்மரத்துக்கு வெகுதூரம் போகாது; உறங்குநிலையும் இல்லாததால், விழுந்த சில கிழமைகளுக்குள் முளைக்காவிட்டால் செத்துப்போகும். ஆகவே அவற்றைக் கையால்தான் நடவேண்டும். எவ்வளவு வெளிச்சத்தில் நடுவது? நாம் பேராதனையில் படித்த காலத்தில் எல்லோரும் மதிப்போடு பெயர் சொன்ன நிமால், சாவித்திரி குணதிலக்க தம்பதியினரும், யேல் பல்கலைக்கழகத்தின் மார்க் அஷ்டனும், அவர்களோடு உழைத்தவர்களும் தொண்ணூறுகளில் இதைத்தான் சோதித்தார்கள். சில இடங்களில் பைனை அப்படியே விட்டு, சில இடங்களில் ஒரு வரிசையை வெட்டி, வேறு சில இடங்களில் மூன்று வரிசைகளை வெட்டி, மழைக்காட்டின் மரங்களை நட்டார்கள். மூன்று வரிசை எடுத்த இடைவெளியில் கன்றுகள் நன்றாக வளர்ந்தன. மூடிய நிழலில் உயிர் பிழைத்தும் வளராமல் நின்றன. 1997இல் வெளிவந்த அந்த ஆய்வை நான் முன்பே படித்திருந்தேன். படித்ததைப் பிள்ளைகளிடம் முதலில் சொல்லவில்லை. ஒரு மீற்றர் சதுரமாகக் கயிறு கட்டி, அடர்ந்த பைனுக்கு அடியிலும், வெளிச்சம் விழும் இடைவெளியிலும், இயற்கைக் காட்டுக்குள்ளும் நாற்றுக்களை எண்ணச் சொன்னேன். முதற் சதுரத்தில் ஊசியிலைச் சருகு; இடைவெளியில் என்னென்னவோ கன்றுகள். ஏன் என்று கேட்கும்போது விடை அவர்களிடமிருந்தே வந்தது.

இது நம் பக்கத்துக்கு ஏன் தேவை என்று சொல்கிறேன். கார்த்திகை வந்தால் இங்கே எல்லாப் பாடசாலைகளிலும் மரம் நடுகிறோம். எத்தனை நட்டோம் என்று அறிக்கை எழுதுகிறோம். பங்குனி வெயிலில் எத்தனை மிஞ்சின என்று எழுதுவதில்லை. யுத்தத்தில் அழிந்த வெளிகளில் கன்றைக் கொண்டுபோய் வெட்டவெயிலில் நிறுத்திவிட்டு ஆடு தின்றுவிட்டது என்கிறோம். பனையடியிலும் பற்றைக்குள்ளும் பறவை போட்ட வேப்பங்கொட்டை ஒருவரும் தண்ணீர் ஊற்றாமல் வளர்வதை நாம் நாள்தோறும் பார்த்தும் அதைப் பாடமாக எடுத்ததில்லை. ஈரவலயத்தின் விதியை வரண்ட வலயத்துக்கு அப்படியே பொருத்தக்கூடாது; அங்கே குறைவது வெளிச்சம், இங்கே தண்ணீர். எந்த மரம் முதலில் நின்று எந்த மரத்துக்கு இடம் பண்ணிக் கொடுக்கிறது என்ற கேள்வி மட்டும் இரண்டு இடத்துக்கும் பொது. திரும்பி வந்த பிறகு எங்கள் மாணவர்கள் பாடசாலைக் காணியின் பற்றைகளை வெட்டித் துப்புரவாக்கும் சிரமதானத்தை நிறுத்தச் சொல்லி அதிபரிடம் போயிருக்கிறார்கள். அதிபர் பாம்பு வரும் என்கிறார். பேச்சு இன்னும் முடியவில்லை.

அட்டைகளைப் பற்றி நீர் கேட்காமலே சொல்கிறேன். அட்டைக் காலுறை வாங்க முடியாத பிள்ளைகளுக்கு நீண்ட காலுறையும் சவர்க்காரமும் போதும். உப்பை அட்டை மீது கொட்டுவதை நான் அனுமதிக்கவில்லை. நகத்தால் வழித்துவிட்டால் விலகிவிடும். இரத்தம் உறையாமல் தடுக்கும் பொருளை அது செலுத்துவதால் கடிவாய் சிறிது நேரம் கசியும், அவ்வளவுதான். முதல் அட்டைக்கு அலறியவர்கள் மாலையில் யாருக்கு அதிகம் கடித்தது என்று போட்டிபோட்டார்கள்.

நீர் போவதாக இருந்தால் தை, மாசி மாதங்களைத் தெரிவுசெய்யும். அப்போதும் மழை வரும், ஆனால் அளவோடு வரும். ஒரு வழிகாட்டிக்குப் பின்னால் நீளமான வரிசையாகப் பிள்ளைகளை விட்டால் கடைசியில் வருபவர்களுக்கு ஒன்றும் கேட்காது, ஆகவே சிறு குழுக்களாகப் பிரித்து வழிகாட்டிகளைக் கூடுதலாகக் கேளும். பெரும்பாலான குழுக்கள் பைன் தோட்டத்தை நிற்காமல் கடந்து உள்ளே ஓடுகின்றன. நீர் அரை நாளையாவது அங்கே ஒதுக்கும். எங்கள் நாற்றுக் கணக்கின் பிரதியை இத்தோடு வைத்திருக்கிறேன். வாவிக்கரையில் உம்முடைய மாணவர்கள் நட்ட கண்டல்களில் எந்த இனம் எந்த உவர்ப்பில் பிழைத்தது என்ற அட்டவணையை எனக்கு அனுப்பிவையும். இரண்டையும் பக்கத்தில் வைத்து அடுத்த தவணையில் ஒரு செய்முறைப் பாடம் எழுதலாம் என்று நினைக்கிறேன். வீட்டில் எல்லோரையும் கேட்டதாகச் சொல்லும்.

அன்புடன்,
தில்லைநாதன்