ஸ்லோ ஜெட்டை விட்டுட்டு மெயின் ஜெட்டைத் தொடாதே

அன்புள்ள மாப்ளே,

உன் கடிதம் வந்து ஒரு மாசத்துக்கு மேல ஆச்சு. பதில் போடாதது என் தப்புதான், மன்னிச்சுக்கோ. இங்கே எல்லாரும் நலம். தங்கச்சியையும் பசங்களையும் கேட்டதா சொல்லு.

இனி உன் எஸ்டீம் காருக்கு வர்றேன். “மெதுவா மிதிச்சா 2,500லேர்ந்து 3,000 ஆர்பிஎம் வரைக்கும் அடைக்குது, கார்புரேட்டர் துப்புது, சட்டுனு மிதிச்சா சரியாயிடுது”ன்னு எழுதியிருந்தே பாரு, நோய் அந்த ஒரு வரியிலேயே இருக்கு. சட்டுனு மிதிக்கும்போது ஆக்சிலரேட்டர் பம்ப் பெட்ரோலைப் பீச்சிக் குறையை மூடி மறைக்குது. மெதுவா மிதிச்சா பம்புக்கு வேலை இல்லை, குறை வெளியே தெரியுது. உன் வெபர் 40 டிசிஓஇ கார்புரேட்டர்ல அந்த வேகம் வரைக்கும் சோறு போடுறது ஸ்லோ ஜெட்டும் (பெட்ரோலை அளந்து விடுற சின்னத் துளை), பட்டர்ஃபிளை தகடு லேசா திறக்கும்போது பெட்ரோல் விடுற ப்ரோக்ரஷன் துளைகளும்தான். நீ என்னடான்னா மேல் வேகத்துக்கான மெயின் ஜெட்டை நாலு தடவை கழட்டி மாட்டியிருக்கே! நம்ம பெரியவர் பார்த்திருந்தா ஸ்பேனரைப் பிடுங்கியிருப்பார்.

முதல்ல ஐடில் ஸ்பீட் ஸ்க்ரூவைப் பாரு. அது பட்டர்ஃபிளை லீவரைத் தொட்டதுக்கு அப்புறம் ஒரு சுத்துக்கு மேல போயிருந்தா, பட்டர்ஃபிளை முதல் ப்ரோக்ரஷன் துளையைத் தாண்டித் திறந்திருக்கும். அப்புறம் எந்த ஜெட் போட்டாலும் அடைக்கத்தான் செய்யும். நாலு குழாயும் ஒரே அளவு காற்று இழுக்குதான்னு மீட்டர் வெச்சு சமன் பண்ணு. பெட்ரோல் பிரஷர் 3 பிஎஸ்ஐ போதும். அதுக்கு மேல போனா பெட்ரோலை அடைக்கிற நீடில் வால்வு தாங்காம வழியும். பித்தளை மிதவைன்னா மூடியைச் செங்குத்தாப் பிடிச்சு, கேஸ்கெட்டோட அளந்தா மிதவைக்கு 8.5 மிமீ இடைவெளி இருக்கணும். இது சரியாகாம ஜெட் பெட்டியைத் திறக்காதே.

இப்போ ஸ்லோ ஜெட் 45எஃப்8 இருக்குன்னா 45எஃப்9 போடு; 45ங்கிறது பெட்ரோல் துளை (0.45 மிமீ), எஃப் எண் காற்றுத் துளை. பெட்ரோல் துளை அதேதான், காற்று மட்டும் குறையும். நேரா 50க்குப் போனா துளையோட பரப்பு 23 சதவீதம் கூடிடும், ஐடில்ல மூக்கை எரிக்கும். மூணாவது கியர்ல, லேசான மேட்டுல, 2,000லேர்ந்து மெதுவா ஏத்திப் பாரு. துப்பினா பெட்ரோல் போதலை. கனத்து இழுத்துக் கறுப்புப் புகை வந்தா அதிகம். ஒரு தடவைக்கு ஒண்ணை மட்டும் மாத்து, நோட்டுல எழுது.

அது சரியான அப்புறம் மெயின். உன் 1,298 சிசி எஸ்டீம் எஞ்சினுக்கு 30 மிமீ வென்சுரி (காற்றுக்குழாயோட குறுகின கழுத்து). அதை நாலால பெருக்கினா 120 மெயின், கூட 50 சேர்த்தா 170 ஏர் ஜெட் (காற்றை அளக்குறது). இந்தக் கணக்கு எத்தனால் கலக்காத பெட்ரோலுக்குப் போட்டது, மாப்ளே. இப்போ பங்க்ல கிடைக்கிறது 20 சதவீதம் எத்தனால் கலந்தது. அதுக்கு ஏறக்குறைய 8 சதவீதம் கூடுதலா ஊத்தணும். 120க்கு பதிலா 125 போட்டா பரப்பு 8.5 சதவீதம் கூடுது, கணக்கு நேராயிடும். மேல் ஆர்பிஎம்ல மட்டும் குறை தெரிஞ்சா ஏர் ஜெட்டைத் தொடு. ஏர் மூணு சைஸ் மாத்துறது மெயின் ஒரு சைஸ் மாத்துறதுக்குச் சமம்.

இதுல விளையாட்டு வேண்டாம். பிளக் நிறத்தை நம்பி ஃபுல் த்ராட்டில் போகாதே, எத்தனாலுக்கு அது வெளிறித்தான் தெரியும். புகையை வெச்சுக் கலவையைக் காட்டுற லாம்டா மீட்டர் வாங்கு (1ன்னா சரிசமம், அதுக்குக் கீழே பெட்ரோல் அதிகம்), முழு மிதியில் 0.86லேர்ந்து 0.88க்குள்ள நிறுத்து. பெட்ரோல் கம்மியாவே ஓட்டினா சூடு ஏறி பிஸ்டன் மண்டை உருகிடும். இதை நினைச்சாத்தான் எனக்குப் பயம். பழைய ரப்பர் ஹோஸையும் மாத்திடு, எத்தனால் அதை ஊற வெச்சுத் தின்னுடும். ஜெட்டைக் கம்பியால குத்தாதே, காத்தடிச்சா போதும்.

அடுத்த மாசம் ஊட்டிக்கு ஏத்தப் போறதா எழுதியிருந்தே. அங்கே 2,240 மீட்டர். காற்று மெலிஞ்சு, கலவை பத்து சதவீதம் போல கனக்கும். கழட்டின அந்த 120 ஜெட்டுகளைத் தூக்கிப் போட்டுடாதே, டூல் பாக்ஸ்ல வெச்சுக்கோ, அங்கே மாட்டத் தேவைப்படும்.

அன்புடன்,
மச்சான்