திங்கட்கிழமை டெல்லியில் மூடிய கதவுகளுக்குக் கட்டணம் வாங்கியது பற்றிய புகார்

பெறுநர்:
வாடிக்கையாளர் குறைதீர்ப்பு அலுவலர் அவர்கள்

பொருள்: டெல்லி, ஆக்ரா குடும்பச் சுற்றுலாவைத் தவறாகத் திட்டமிட்டது, தவறான விளம்பரம், கூடுதல் கட்டணம் ஆகியவை குறித்த புகாரும் பணத்தைத் திருப்பிக் கேட்பதும்

ஐயா / அம்மா,

வணக்கம். உங்கள் வலைத்தளத்தில் என் குடும்பத்துக்காகப் பதிவு செய்த டெல்லி, ஆக்ரா பேக்கேஜ் பற்றிய புகார் இது. ரசீது, நீங்கள் அனுப்பிய பயணத் திட்டம், மின்னஞ்சல்கள், வாட்ஸ்அப் உரையாடல் எல்லாவற்றையும் இணைத்திருக்கிறேன். உங்கள் சேவைப் பிரிவுக்கு முன்பே எழுதினேன். "நினைவுச் சின்னங்களின் வேலை நாட்கள் எங்கள் கட்டுப்பாட்டில் இல்லை" என்று ஒரே வரியில் பதில் வந்தது. அந்தப் பதிலை என்னால் ஏற்க முடியவில்லை. அதனால்தான் நேரடியாக உங்களுக்கு எழுதுகிறேன்.

டெல்லியைச் சுற்றிப் பார்க்கப் பேக்கேஜ் எடுத்துத்தான் ஆக வேண்டும் என்று இல்லை. செங்கோட்டை, குதுப் மினார், ஹுமாயூன் கல்லறை எல்லாவற்றுக்கும் தொல்லியல் துறையின் சீட்டை யார் வேண்டுமானாலும் ஆன்லைனில் வாங்கலாம். மெட்ரோவும் ஏறக்குறைய எல்லா இடத்துக்கும் போகிறது. அப்படியிருந்தும் உங்களிடம் வந்ததற்குக் காரணம், முழங்கால் வலியுள்ள என் அம்மாவும் பள்ளிக்கூடம் போகும் இரண்டு பிள்ளைகளும் கூட வந்ததுதான். எந்த நாளில் எந்த இடம், எது முதலில், எது பிறகு என்பதை விவரம் தெரிந்தவர்கள் போட்டுத் தந்தால் அலைச்சல் குறையும் என்று நினைத்தோம். நாங்கள் பணம் கொடுத்தது அந்தத் திட்டமிடலுக்குத்தான். அதைத்தான் நீங்கள் செய்யவில்லை.

முன்பணம் கட்டும் முன்பே உங்கள் விற்பனைப் பிரிவுக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்பினேன். "எங்கள் தேதிகளில் எந்த இடத்துக்காவது விடுமுறை வருகிறதா என்று பார்த்துவிட்டுத் திட்டம் போடுங்கள்" என்று தெளிவாகக் கேட்டிருந்தேன். "எல்லாம் சரிபார்த்துத்தான் போட்டிருக்கிறோம், கவலை வேண்டாம்" என்று பதில் வந்தது. இணைப்பில் முதலாவதாக இருப்பது அந்தப் பதில்தான். தயவுசெய்து அதைப் படித்துவிட்டு மேலே வாருங்கள்.

நாங்கள் போய் இறங்கியது ஞாயிற்றுக்கிழமை. மறுநாள் திங்கட்கிழமைக்கு உங்கள் திட்டத்தில் இருந்தவை: காலையில் செங்கோட்டை, அப்புறம் தேசிய அருங்காட்சியகம், பிற்பகலில் தாமரைக் கோயில், மாலையில் அக்ஷர்தாமும் அங்கே நடக்கும் நீரூற்றுக் காட்சியும். இந்த நான்கு இடங்களுக்குமே வார விடுமுறை திங்கட்கிழமைதான். ஒன்றிரண்டு தவறிப்போயிருந்தால் கவனக்குறைவு என்று விட்டிருப்பேன். நான்கில் நான்கும் மூடியிருக்கிறது என்றால், எங்கள் தேதியை உங்கள் அலுவலகத்தில் ஒருவரும் நாள்காட்டியில் வைத்துப் பார்க்கவே இல்லை என்றுதான் அர்த்தம். நாள் பார்க்காமல் கல்யாணப் பத்திரிகை அடித்த மாதிரி இருந்தது.

செங்கோட்டை எங்களுக்கு ஏன் முக்கியம் என்பதைச் சொல்ல வேண்டும். அம்மாவின் பெரியப்பா மலேயாவில் ரப்பர் தோட்டத்தில் வேலை பார்த்தவர். அங்கிருந்தே நேதாஜியின் இந்திய தேசிய ராணுவத்தில் சேர்ந்தார். போர் முடிந்து அந்த ராணுவத்தின் அதிகாரிகள் மீது பிரிட்டிஷ் அரசு 1945 நவம்பரில் விசாரணை தொடங்கியது இந்தக் கோட்டைக்குள்தான். ஷா நவாஸ் கான், பிரேம் சேகல், குர்பக்ஷ் சிங் தில்லான் என்று அந்தப் பெயர்களை அம்மா சிறு வயதிலிருந்தே வீட்டில் கேட்டு வளர்ந்தவர். 2019 ஜனவரியில் கோட்டைக்குள் நேதாஜிக்கும் அந்த ராணுவத்துக்கும் தனி அருங்காட்சியகம் திறந்த செய்தியைப் படித்ததிலிருந்து, ஒருமுறை போய்ப் பார்த்துவிட வேண்டும் என்று சொல்லிக்கொண்டிருந்தார். அப்படிப்பட்டவரை லாகூரி வாசலுக்கு எதிரே வேனில் உட்கார வைத்து, "இன்று லீவு" என்று டிரைவர் சொன்னபோது அவர் முகத்தைப் பார்க்க எனக்குக் கஷ்டமாக இருந்தது. இந்தப் பேக்கேஜில் எங்கள் முதல் தேவை செங்கோட்டை என்று பதிவுப் படிவத்தின் "சிறப்புக் குறிப்பு" கட்டத்திலேயே எழுதியிருக்கிறேன்.

அன்றைக்கே உங்கள் அவசர உதவி எண்ணுக்குப் பேசினேன். திங்கட்கிழமை திறந்திருக்கும் இடங்கள் டெல்லியில் நிறையவே உண்டு. குதுப் மினார், ஹுமாயூன் கல்லறை இரண்டும் எல்லா நாளும் திறந்திருக்கும். ராஜ்காட் இருக்கிறது, இந்தியா கேட் இருக்கிறது, அதன் பக்கத்தில் 2019இல் திறந்த தேசியப் போர் நினைவிடம் இருக்கிறது. செவ்வாய்க்கிழமைத் திட்டத்தை இன்று எடுத்துக்கொண்டு, இன்றைய திட்டத்தை நாளைக்குத் தள்ளினாலே போதும் என்று நானே சொன்னேன். "வண்டி அட்டவணையை மாற்ற முடியாது" என்றார் எதிர்முனையில் இருந்தவர். ஆனால் அதே வண்டி அதே நாளில் ஒரு கைவினைப் பொருள் கடைக்கும், அப்புறம் ஒரு கம்பளக் கடைக்கும் எங்களைக் கூட்டிப்போக முடிந்தது. இரண்டு கடைகளுமே திட்டத்தில் இல்லை. கேட்டபோது, "கம்பெனி சொல்லியிருக்கிறது" என்றார் டிரைவர். அவரை நான் குறை சொல்லவில்லை. அம்மாவைக் கைத்தாங்கலாக இறக்கிவிட்ட நல்ல மனிதர். சொன்னதைச் செய்தார், அவ்வளவுதான்.

அன்று இரவு மீதித் திட்டத்தை நாங்களே உட்கார்ந்து சரிபார்த்தோம். வெள்ளிக்கிழமைக்கு என்ன இருந்தது தெரியுமா? ஆக்ரா, தாஜ் மகால். தாஜ் மகாலுக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை என்பது சுற்றுலாத் தொழிலில் இருக்கும் யாருக்கும் முதல் நாளிலேயே தெரிந்திருக்க வேண்டிய விஷயம். நாங்கள் பார்க்காமல் விட்டிருந்தால், யமுனா விரைவுச்சாலையில் வயதான அம்மாவோடு போய், பூட்டிய கதவைப் பார்த்துவிட்டுத் திரும்பியிருப்போம்.

அடுத்து நடந்ததுதான் இந்தப் புகாரின் மையம். ஆக்ராவை வியாழக்கிழமைக்கு மாற்றச் சொன்னோம். மாற்றினீர்கள், ஆனால் "திட்ட மாற்றக் கட்டணம்" என்று தனியாகப் பணம் வாங்கினீர்கள். உங்கள் தவறைச் சரிசெய்ய எங்களிடமே காசு! வேறு வழியில்லாமல் கட்டினோம். அந்த வியாழக்கிழமை குடியரசுத் தலைவர் மாளிகையைப் பார்ப்பதாக இருந்தது. முன்கூட்டியே ஆன்லைனில் நேரம் குறித்து, வருகிறவர்களின் விவரங்களைக் கொடுத்தால்தான் உள்ளே விடுவார்கள், நினைத்த நேரத்தில் போய் நிற்க முடியாது. ஆக்ராவை மாற்றியதால் அந்த நேரம் கைவிட்டுப் போனது. மறுநாளுக்கு இடமில்லை என்று நீங்களே சொன்னீர்கள். ஆக, முதலில் தேதி பார்க்காமல் போட்ட ஒரு தவறு எங்கள் திங்கட்கிழமையை எடுத்துக்கொண்டது, பணத்தை எடுத்துக்கொண்டது, கடைசியில் குடியரசுத் தலைவர் மாளிகையையும் எடுத்துக்கொண்டது.

வெள்ளிக்கிழமை "ஓய்வு நாள்" ஆகிவிட்டதால் வண்டி இல்லை என்றீர்கள். சரி என்று நாங்களே மெட்ரோவில் லால் கிலா நிலையத்தில் இறங்கிச் செங்கோட்டைக்குப் போனோம். லிஃப்ட் இருந்ததால் அம்மாவுக்குப் பெரிய சிரமம் இல்லை. அங்கிருந்து மண்டி ஹவுஸில் மாறி அக்ஷர்தாமுக்கும் போய்விட்டோம். செல்போன், கேமரா, பை எதையும் அக்ஷர்தாமுக்குள் கொண்டுபோகக் கூடாது என்பது அங்கே வரிசையில் நின்றபோதுதான் தெரிந்தது. உங்கள் திட்டத்தில் இதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. பெரியவர்களும் குழந்தைகளும் பிரிந்து நடக்கும் அவ்வளவு பெரிய வளாகத்தில், போன் இல்லாமல் எங்கே சந்திப்பது என்று முன்பே பேசிவைத்துக்கொள்ள வேண்டாமா? தேசிய அருங்காட்சியகத்துக்கு நேரமே கிடைக்கவில்லை. மொகஞ்சதாரோவின் நடன மங்கை சிலையைப் பாடப்புத்தகத்தில் பார்த்துவிட்டு வந்த என் மகன் அதைப் பார்க்காமலே ஊர் திரும்பினான்.

இனி உங்கள் விளம்பரம். குதுப் மினார் படத்துக்குக் கீழே "மேலே ஏறி டெல்லியை முழுவதும் கண்டு களியுங்கள்" என்று இப்போதும் போட்டிருக்கிறீர்கள். 1981 டிசம்பரில் உள்ளே இருந்த படிக்கட்டில் நெரிசல் ஏற்பட்டு, பள்ளிக் குழந்தைகள் உட்படப் பலர் இறந்துபோனார்கள். அதிலிருந்து பொதுமக்கள் ஏறுவதற்கு அனுமதி இல்லை. குழந்தைகள் இறந்த ஓர் இடத்தில் "ஏறிப் பாருங்கள்" என்று இன்றைக்கும் எழுதி விற்பதைப் பார்க்கவே மனசு கேட்கவில்லை. முதலில் அந்த வரியை எடுங்கள்.

"அனைத்து நுழைவுக் கட்டணமும் உட்பட" என்று தலைக்கு இவ்வளவு என வாங்கினீர்கள், பிள்ளைகளுக்கும் சேர்த்து. தொல்லியல் துறையின் நினைவுச் சின்னங்களில் 15 வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு நுழைவு இலவசம். தாமரைக் கோயிலுக்கும் ராஜ்காட்டுக்கும் போர் நினைவிடத்துக்கும் யாருக்குமே கட்டணம் கிடையாது. அப்படியானால் பிள்ளைகள் பெயரில் வாங்கிய பணம் எங்கே போனது? இவ்வளவு வாங்கிய பிறகும், தாஜ் மகாலில் கல்லறைகள் இருக்கும் பிரதான மண்டபத்துக்குள் போகப் பெரியவர்களுக்குத் தலைக்கு 200 ரூபாய் நாங்களே தனியாகக் கட்டினோம். அந்தச் சீட்டு 2018 டிசம்பரிலிருந்து இருக்கிறது. உங்கள் "அனைத்தும்" என்பதில் அது ஏன் சேரவில்லை?

தமிழ் பேசும் வழிகாட்டி வருவார் என்ற வாக்குறுதியும் காற்றில் போனது. ஒரு நாள்கூட வரவில்லை. ஆங்கிலத் தகவல் பலகைகளைப் படித்து அம்மாவுக்கு என் கணவர்தான் சொல்லிக்கொண்டு வந்தார்.

பதிவு செய்யும் பக்கத்தைப் பற்றியும் ஒன்று. முதலில் காட்டிய விலை வேறு, பணம் கட்டும் கடைசித் திரையில் வந்த விலை வேறு. "வசதிக் கட்டணம்" அங்கேதான் முளைத்தது. பயணக் காப்பீட்டுக்கு நாங்கள் கேட்காமலே டிக் போட்டு வைத்திருந்தீர்கள். அதை எடுக்க முயன்றால் பக்கம் மறுபடி முதலிலிருந்து தொடங்கியது. இப்படி வாடிக்கையாளருக்குத் தெரியாமல் கூடையில் பொருளைச் சேர்ப்பதையும், விலையைக் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே விடுவதையும் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பரில் அறிவித்த வழிகாட்டு நெறிகளில் தடை செய்திருக்கிறது. உங்கள் சட்டப் பிரிவுக்கு இது தெரியாமல் இருக்காது.

"வேலை நாட்கள் எங்கள் கட்டுப்பாட்டில் இல்லை" என்ற பதிலுக்கு வருகிறேன். வெளிநாட்டுத் தலைவர் வருகிறார் என்று திடீரென்று ஓர் இடத்தை மூடினால் உங்களை யாரும் கேட்கப் போவதில்லை. குளிர்காலப் பனிமூட்டத்தில் சாலை அடைபட்டால் அதற்கும் நீங்கள் பொறுப்பில்லை. வார விடுமுறை அப்படியில்லை. அது வாசலிலும் வலைத்தளத்திலும் எழுதியிருக்கிறது. உங்கள் இன்னொரு பதிலில், உள்ளூர் வண்டி ஏற்பாடு செய்தவர்தான் பொறுப்பு, நீங்கள் வெறும் இடைத்தரகர் என்றும் சொல்லியிருக்கிறீர்கள். திட்டத்தை எழுதி, உங்கள் முத்திரையோடு அனுப்பி, பணத்தை உங்கள் கணக்கில் வாங்கியவர் நீங்கள். டெல்லியில் இருக்கும் வண்டிக்காரர் யார் என்றுகூட எங்களுக்குத் தெரியாது.

நான் கேட்பது இவைதான். திட்ட மாற்றக் கட்டணம் முழுவதையும் திருப்பித் தர வேண்டும். திங்கட்கிழமைக்கான வண்டி, வழிகாட்டிக் கட்டணத்தையும், போக முடியாமல் போன குடியரசுத் தலைவர் மாளிகைக்காக வாங்கிய தொகையையும், பிள்ளைகள் பெயரில் வாங்கிய நுழைவுக் கட்டணத்தையும், கேட்காமல் சேர்த்த காப்பீட்டுத் தொகையையும் திருப்பித் தர வேண்டும். வராத தமிழ் வழிகாட்டிக்காக மற்ற நாட்களில் வாங்கிய பணமும் இதில் சேரும். எந்தத் தலைப்பில் எவ்வளவு வாங்கினீர்கள் என்று பிரித்துக் காட்டும் ரசீதும் வேண்டும். இதுவரை ஒரே மொத்தத் தொகைதான் தந்திருக்கிறீர்கள். பணத்துக்குப் பதிலாக "அடுத்த பயணத்துக்குத் தள்ளுபடி கூப்பன்" தருகிறேன் என்று உங்கள் ஊழியர் சொன்னார். அது எங்களுக்கு வேண்டாம்.

அதோடு, வலைத்தளத்தில் தேதியைத் தேர்வு செய்யும் இடத்திலேயே செங்கோட்டைக்குத் திங்கட்கிழமையும் தாஜ் மகாலுக்கு வெள்ளிக்கிழமையும் தேர்வு செய்ய முடியாதபடி மாற்றுங்கள். ஆகஸ்ட் 15க்கு முன்பு செங்கோட்டை மூடப்படுவதையும், ஜனவரியில் குடியரசு தின ஒத்திகைகளால் கர்தவ்யா பாதைப் பக்கம் போக்குவரத்து தடைபடுவதையும் அங்கேயே குறிப்பிடுங்கள். பிள்ளைகளின் விடுமுறையைப் பார்த்து, அலுவலகத்தில் லீவு கேட்டு வாங்கி, ரயிலுக்கு மாதக்கணக்கில் முன்னால் பதிவு செய்து வருகிறவர்களுக்கு அந்த ஒரு வாரம் திரும்பக் கிடைக்காது. எங்களுக்குப் பிறகு வரும் குடும்பத்துக்காவது இது நடக்கக் கூடாது.

இந்தக் கடிதம் கிடைத்த 15 நாட்களுக்குள் எழுத்துமூலம் பதிலும் பணமும் வரும் என்று எதிர்பார்க்கிறேன். வராவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் பதிவு செய்வேன். அதன் பிறகு 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போவேன். உங்கள் தலைமை அலுவலகம் எந்த ஊரில் இருந்தாலும், நான் வசிக்கும் மாவட்டத்திலேயே வழக்குத் தொடுக்க அந்தச் சட்டத்தின் 34ஆவது பிரிவு எனக்கு இடம் தருகிறது. அதற்குத் தேவையான ஆவணங்களின் நகல்கள் தயாராக இருக்கின்றன.

பணத்தை, பதிவின்போது பயன்படுத்திய அதே வங்கிக் கணக்குக்கு அனுப்புங்கள்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்

இணைப்புகள்: விற்பனைப் பிரிவின் மின்னஞ்சல், பயணத் திட்டம், பணம் கட்டிய ரசீதுகள், திட்ட மாற்றக் கட்டண ரசீது, வலைத்தளப் பக்கங்களின் ஸ்கிரீன்ஷாட்கள், தாஜ் மகால் கூடுதல் சீட்டுகள்